ஏற்காட்டுத் தோட்டத்தில் கோதிக் அலங்காரம்: கம்பி, சிமெண்ட், கடுக்காய்

ஏற்காட்டில் மழைக்காலம் தொடங்கிவிட்டால் பிற்பகலிலேயே மூடுபனி இறங்கிவிடும். எதிரே நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் அடிமரமும் அதில் ஏறியிருக்கும் மிளகுக் கொடியும் மட்டும் தெரியும். அந்த வெளிச்சத்தில் செண்டுமல்லியின் மஞ்சளும் சால்வியாவின் சிவப்பும் பத்தடி தூரத்துக்குள் மங்கிவிடுகின்றன. வளைவு, தூண், தொட்டியின் விளிம்பு போன்ற கோடுகள்தான் நிற்கின்றன. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் இது. இங்கே தோட்டம் போடுகிறவர்கள் முதலில் கோடுகளை யோசிக்க வேண்டும், நிறத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது என் உறுதியான எண்ணம். இடைக்கால ஐரோப்பியத் தேவாலயங்களின் கோதிக் பாணியை நான் தேர்ந்தெடுத்ததற்கு அதுவே காரணம்.

அந்தப் பாணி பிறந்த இடம் பாரிசுக்கு அருகிலுள்ள செயிண்ட் டெனிஸ் மடாலயம் என்று கட்டடக்கலை நூல்கள் சொல்கின்றன. அங்கே 1144இல் முடிந்த கீழ்த்திசைப் பகுதியில் கூர்வளைவு, மெல்லிய தூண்கள், பெரிய வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தன. அரைவட்ட வளைவில் அகலத்தில் பாதிதான் உயரம். கூர்வளைவு அப்படிக் கட்டுப்படுவதில்லை. அதே அகலத்தில் வேண்டிய உயரம் எழும்பலாம். பாரமும் பக்கவாட்டில் அதிகம் தள்ளாமல் கீழ்நோக்கி இறங்கும். அதனால் சுவரைத் திறந்து வெளிச்சத்தை உள்ளே விட முடிந்தது. நம் ஊரில் இதைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்கள் சென்னை சாந்தோம் பேராலயத்துக்குப் போகலாம். இப்போது நிற்கும் கட்டடம் 1896இல் இந்தப் பாணியில் எழுந்தது. உள்ளே நின்று தலையை உயர்த்தினால் கண் தானாகவே மேலே போகும். அந்த மேல்நோக்கிய இழுப்பு தோட்டத்தில் வந்துவிட்டால் போதும், மற்றவையெல்லாம் அலங்காரம்தான்.

கோதிக் அலங்காரம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வரும் மண்டையோடு, எலும்புக்கூடு, போலிக் கல்லறைக் கல் ஆகிய மூன்றையும் நான் தொடவில்லை. என் மாமியார் தொடக்கத்திலேயே கேட்டுவிட்டார்: “வாசலில் எலும்பையும் மண்டையையும் வைத்தால் லட்சுமி எப்படியம்மா உள்ளே வருவாள்?” “அப்படி எதுவும் வைக்க மாட்டேன் அத்தை” என்றேன். அவருக்காக மட்டும் சொன்ன பதில் இல்லை அது. ஏற்காட்டில் உண்மையான பழைய கல்லறைகள் இருக்கின்றன. 1863இல் பல்லாவரத்தில் கற்காலக் கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் நினைவிடமும் இங்கேயுள்ள ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில்தான் இருக்கிறது. யாரோ ஒருவருடைய தாத்தாவும் பாட்டியும் உறங்கும் இடத்துக்கு அருகில் வேடிக்கைக்காகக் கல்லறை செய்து வைக்க எனக்கு மனம் வரவில்லை. இடைக்காலச் சிற்பிகள் செதுக்கியவற்றில் இலையும் கொடியும் விலங்கும் ஏராளம். அவற்றை எடுத்துக்கொண்டாலே ஒரு தோட்டம் நிறைந்துவிடும்.

சிமெண்டில் கல் போலச் செய்வது ஏமாற்று வேலை இல்லையா என்று சிலர் கேட்டார்கள். லண்டனுக்கு அருகே ஹொரேஸ் வால்போல் என்ற எழுத்தாளர் 1749 முதல் ஸ்ட்ராபெரி ஹில் என்ற வீட்டைக் கோதிக் பாணிக்கு மாற்றிக் கட்டினார். அதன் நீண்ட கூடத்தின் விதானத்தில் இருக்கும் விசிறி வடிவ வேலைப்பாடு முழுவதும் காகிதக் கூழ். எலினார் கோட் என்ற பெண்மணி 1769 முதல் லண்டனில் களிமண் கலவையைச் சுட்டுச் செயற்கைக் கல் செய்து விற்றார். அந்தச் சிற்பங்கள் இன்றும் பல கட்டடங்களில் உடையாமல் நிற்கின்றன. செயற்கைக் கல் இந்தப் பாணியோடு கூடவே வளர்ந்த ஒன்று. தயக்கமில்லாமல் செய்யலாம்.

கூர்வளைவு

முதலில் செய்ய வேண்டியது வளைவுதான். ஒட்டுப்பலகையிலோ, பெருக்கிச் சுத்தம் செய்த சிமெண்ட் தரையிலோ ஒரு நேர்கோடு போடுங்கள். வாயில் மூன்றடி அகலம் என்றால் கோட்டில் மூன்றடி இடைவெளியில் இரண்டு ஆணி. ஓர் ஆணியில் மூன்றடி நூலைக் கட்டி, மறுமுனையில் சுண்ணக்கட்டியைப் பிடித்து, எதிர் ஆணியிலிருந்து தொடங்கி மேல்நோக்கி வில் வரையுங்கள். அடுத்த ஆணியிலிருந்தும் அதுபோல. இரண்டு வில்லும் சந்திக்கும் இடம் முனை. கோட்டிலிருந்து அதன் உயரம் சுமார் 31 அங்குலம் வரும். இதுதான் சமபக்க வளைவு.

எங்கள் தோட்டத்துக்கு அது சற்றுப் பருமனாகத் தெரிந்தது. பின்னால் சில்வர் ஓக் வரிசை நெடுநெடுவென்று நிற்பதால் இன்னும் ஒடுக்கமான, ஈட்டி முனை போன்ற வளைவு வேண்டியிருந்தது. அதற்கு ஆணிகளை வாயில் அகலத்துக்கு வெளியே தள்ள வேண்டும். அகலம் அதே மூன்றடி, நூல் மட்டும் நான்கடி. இரண்டு ஆணிகளையும் பக்கத்துக்கு ஓரடி வெளியே தள்ளினால் முனை ஏறக்குறைய 37 அங்குலத்துக்குப் போகும். இந்த ஆறு அங்குலம் கண்ணுக்குத் தரும் வேறுபாடு மிகப் பெரிது. கம்பி வாங்கும் முன் அட்டையில் முழு அளவில் வெட்டி, வைக்கப்போகும் இடத்திலேயே கழியில் கட்டி நிறுத்தி, வீட்டு வாசலிலிருந்து பாருங்கள். வரைபடத்தில் அழகாக இருப்பது மரங்களுக்கு நடுவே குட்டையாகத் தெரியும்.

சட்டத்துக்கு எட்டு மில்லிமீட்டர் கம்பி, உள்ளே அலங்காரமாகப் போகும் இலை வடிவ வளைவுகளுக்கு ஆறு மில்லிமீட்டர். வரைந்த கோட்டின் மேல் ஒரு சாண் இடைவெளியில் தடித்த ஆணிகளைப் பலகையில் அடித்துவிட்டு, அவற்றின் மேல் கம்பியை அழுத்தி வளைத்தோம். கம்பி சற்றே திரும்பி விரியும். அதனால் தேவையைவிட ஒரு விரல் கூடுதலாக வளைத்து விட வேண்டும். வளைத்த துண்டுகளைச் சேலத்தில் ஒரு வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோய் ஒட்டி வாங்கினோம். வளைக்கும் வேலையை வீட்டிலேயே முடித்துக்கொண்டால் பட்டறையில் கூலி மிகக் குறைவாகவே ஆகும். ஆனால் இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே வர வேண்டுமே. ஒரே சட்டமாக ஒட்டாமல் இரண்டு பாதிகளாக வைத்து, முனையில் போல்ட் போட்டு இணைக்கும்படி செய்யச் சொன்னேன். சரக்கு வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவர அதுவே வசதி.

கால்களை ஒன்றரை அடி ஆழத்தில் கான்கிரீட் போட்டு நட வேண்டும். கொடி ஏறி இலை அடர்ந்தபின் காற்று அதைப் பாய்மரத்தைப் போலப் பிடித்துத் தள்ளும். மண்ணில் வெறுமனே செருகிய சட்டம் ஒரு வடகிழக்குப் பருவமழைக்குத் தாங்காது. கருப்புப் பளபளப்பு எனாமல் பூசாதீர்கள். துருத்தடுப்புப் பூச்சின் மேல் மங்கலான கரும்பச்சையோ கரும்பழுப்போ பூசினால் அது நிழலோடு சேர்ந்துகொள்ளும். முழுக் கருப்பு மூடுபனியில் தட்டையாகத் தெரிகிறது.

கல் போன்ற தொட்டிகள்

இங்கிலாந்தில் மலைச்செடி வளர்ப்பவர்கள் பழைய கல் தொட்டிகளுக்கு மாற்றாகச் சிமெண்டோடு பீட் பாசியைக் கலந்து தொட்டி செய்வார்கள். நமக்கு அந்தப் பாசி தேவையில்லை. தேங்காய் நார்க்கழிவு இருக்கிறது. சிமெண்ட் ஒரு பங்கு, சலித்த மணல் ஒன்றரை, நார்க்கழிவு ஒன்றரை. ஆனால் நார்க்கழிவில் உப்பும் துவர்ப்புச் சாறும் இருக்கும். சாறு சிமெண்ட் இறுகுவதைத் தாமதப்படுத்தும். ஊறவைத்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசிப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும். கலவை உதிரியாக இருக்கட்டும்; கையில் பிடித்து அழுத்தினால் சில சொட்டு மட்டும் வடிந்தால் பதம் சரி. ரப்பர் கையுறை கட்டாயம் வேண்டும், ஈரச் சிமெண்ட் தோலை அரித்துவிடும். உலர்ந்த தூளைக் கொட்டும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள்.

இரண்டு பெட்டிகள், ஒன்றுக்குள் ஒன்று. நடுவில் இரண்டு அங்குல இடைவெளி. எண்ணெய் தடவி, அடியில் வடிகால் துளைக்கு மரக்குச்சிகளை நிறுத்தி, கலவையைச் சிறிது சிறிதாகக் குத்தி இறுக்க வேண்டும். பாலித்தீன் தாளால் மூடி இரண்டு நாள் விட்டால் அச்சிலிருந்து எடுக்கும் அளவுக்கு இறுகும். அழகு சேர்க்க வேண்டிய நேரம் இதுதான். நகத்தால் கீறினால் கோடு விழும் பதத்தில் கம்பி பிரஷ்ஷால் மேற்பரப்பைத் தேய்த்து, விளிம்பை உடைத்துவிட்டு, பக்கத்தில் நான்கிதழ் வடிவத்தைப் பழைய உளியால் குடைந்துவிடலாம். நான்கிதழ் கோதிக் சாளரங்களின் அடையாளம். ஒரு சிறு சதுரம் வரைந்து, அதன் நான்கு பக்கங்களிலும் வெளிப்புறமாக அரைவட்டம் போட்டால் அது வந்துவிடும். ஆழம் அரை அங்குலமாவது இருக்கட்டும், இல்லையென்றால் நிழல் விழாது. பிறகு ஈரச் சாக்கு சுற்றி மூன்று நான்கு வாரம் நிழலில் வைக்க வேண்டும். செடி வைக்கும் முன் பல முறை தண்ணீர் நிரப்பிக் கொட்டுங்கள். புதுச் சிமெண்டின் காரம் பெரணிகளுக்கு ஆகாது.

பாசி படிவதற்கு மோரைப் பூசச் சொல்வார்கள், சாணிக் கரைசலைச் சொல்வார்கள். நான் இரண்டையும் பூசிப் பார்த்திருக்கிறேன். சொரசொரப்பான மேற்பரப்பும், வடக்குப் பார்த்த நிழலும், விடாத ஈரமும் இருக்கும் இடத்தில் எதுவும் பூசாமலே பாசி வந்துவிட்டது. வெயில் படும் இடத்தில் எதைப் பூசியும் வரவில்லை.

பாதையோரத்துக்கு மட்டும் செயற்கைக் கல் வைக்கவில்லை. சேர்வராயன் மலையே சார்னோக்கைட் என்ற கரும்பாறையால் ஆனது. கல்கத்தாவில் இருக்கும், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல் இந்த வகை என்பதால் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் அந்தப் பாறைக்கு அவர் பெயரை வைத்தார். வீடு கட்டும்போது மிஞ்சிய துண்டுகள் வேலியோரம் கிடந்தன. மழையில் நனைந்தால் அவை எந்தச் சாயமும் தர முடியாத ஒரு நீலக்கருமை பெறுகின்றன.

தண்ணீர் கக்கும் முகம்

கோதிக் தேவாலயங்களின் கூரை விளிம்பில் வாய் பிளந்து நிற்கும் விலங்குகள் அச்சுறுத்துவதற்காக மட்டும் வைக்கப்பட்டவை அல்ல. மழைநீர் சுவரில் வழிந்து காரையைக் கரைக்காமல் தள்ளி விழச் செய்யும் தூம்புகள் அவை. வெறுமனே உட்கார்ந்திருக்கும் உருவங்கள் வேறு வகை. பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்தின் மாடத்தில் கன்னத்தில் கைவைத்துக்கொண்டிருக்கும் புகழ்பெற்ற உருவம் இடைக்காலத்தது அன்று. வியோலே லெ டியூக் என்ற கட்டடக்கலைஞர் 19ஆம் நூற்றாண்டில் செய்த புதுப்பிப்பில் சேர்ந்தது. வேலை செய்யும் முகம்தான் எனக்கு வேண்டும் என்று தீர்மானித்தேன். எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தின் மழைநீர் ஒரே மூலையில் கொட்டிச் சுவரை ஊறவைத்துக்கொண்டிருந்தது.

கோயில் கோபுரங்களுக்குச் சுதை வேலை செய்யும் ஒரு பெரியவர் சேலத்திலிருந்து வந்து வழிகாட்டினார். நான் பறவை மூக்கோடு வரைந்த படத்தைப் பார்த்துவிட்டு, “யாளி முகம் போடலாமே அம்மா, கைக்குப் பழகிய முகம்” என்றார். நம் கோயில் தூண்களில் துருத்திய கண்ணும் சுருண்ட தும்பிக்கையும் கோரைப்பல்லுமாக நிற்கும் யாளியைவிடப் பொருத்தமான விலங்கு இந்த மலைக்கு வேறு ஏது? உடனே ஒப்புக்கொண்டேன்.

இரண்டு அங்குல பி.வி.சி. குழாயைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி வெளியே நீட்டினோம். ஓரடிக்குக் கால் அங்குலம் சாய்வு. குழாயைச் சுவரில் போல்ட் போட்ட இரும்புத் தாங்கியின் மேல் உட்காரவைத்தோம். தலையின் பாரம் குழாயில் இறங்கக் கூடாது. அதைச் சுற்றிக் கட்டுக் கம்பியால் தலைக்கு எலும்புக்கூடு போலச் சட்டம், மேலே இரண்டு மடிப்புக் கோழி வலை. உள்ளே கூடாக விட்டதால் பாரம் குறைந்தது. சிமெண்ட் ஒரு பங்குக்கு மூன்று பங்கு சலித்த மணல். முதல் பூச்சை வலைக்குள் அழுத்தி ஏற்றி, கரணை முனையால் கீறிவிட்டு, மறுநாள் இரண்டாம் பூச்சு. கட்டை விரலால் அழுத்தினால் லேசான பள்ளம் விழும் பதத்தில் புருவத்தையும் பல்லையும் செதுக்க வேண்டும்.

கண் வைக்கும் இடம் வந்தபோது நான் கண்ணாடிக் கோலி பதிக்கலாமா என்று கேட்டேன். “வேண்டாம் அம்மா. விரல் நுழையும் ஆழத்துக்குக் குழி போடுங்கள். நிழல் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், அதுவே கண்” என்றார். புருவத்தை ஒரு விரல் அளவு முன்னே துருத்தவிட்டு, குழியை மேல்நோக்கிச் சற்றே சாய்த்துக் குடைந்தார். காலை வெயிலில் அந்த யாளி கீழே பார்க்கிறது, சாயங்காலத்தில் எதிரே வருபவரைப் பார்க்கிறது. இந்த ஒரு பாடத்துக்காகவே அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். இந்தப் பாணியின் சாயம் நிழல்தான். எங்கே குடைய வேண்டும், எங்கே துருத்த வேண்டும் என்று தெரிந்தால் வண்ணப்பூச்சு டப்பாவைத் திறக்கவே வேண்டாம்.

தண்ணீர் விழும் இடத்தில் சரளை நிரப்பிய குழி வெட்டி அதிலிருந்து காபிச் செடிகளுக்கு வாய்க்கால் எடுத்திருக்கிறோம். பாதைக்கு நேர் மேலே இப்படிப் பாரமான தலையை வைக்காதீர்கள்.

கடுக்காய்க் கருப்பு

மரத்துக்குக் கருமை ஏற்ற நம்மிடம் பழைய வழி ஒன்று உண்டு. கலம்காரித் துணியில் கருப்புக் கோடு வருவது கடுக்காய்ச் சாயமேற்றிய துணியில் துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் ஊறிய நீர் படும்போதுதான். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கருப்பு. மரத்திலும் அது நடக்கும். கொட்டை நீக்கிய கடுக்காய்த் தூள் நூறு கிராமை ஒரு லிட்டர் வெந்நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டுங்கள். இன்னொரு பாத்திரத்தில் வினிகரில் இரும்பு நாரைப் போட்டு ஒரு வாரம் விடுங்கள். வாயு வரும், மூடியை இறுக்காதீர்கள். கடுக்காய் நீரை மரத்தில் பூசிக் காயவிட்டு, அதன் மேல் இரும்பு நீரைப் பூசினால் கண்ணெதிரே சாம்பல் நிறமாகி, பிறகு கருத்துவிடும். மரத்தின் ரேகை மறையாது. வண்ணப்பூச்சால் வராத அழகு அது. ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு விதமாக ஏற்கும் என்பதால் முதலில் துண்டு மரத்தில் சோதியுங்கள்.

சேலத்தில் பழைய வீடுகளைப் பிரித்து விற்கும் மரக்கடைகளில் வாங்கிய ஜன்னல் சட்டம் ஒன்றை இப்படிக் கருக்கி, ஆளிவிதை எண்ணெய் பூசிச் சுவரில் மாட்டியிருக்கிறேன். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது, தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்த பிறகே எறியுங்கள். அந்தச் சட்டத்துக்குள் கண்ணாடி பதிக்கும் யோசனையைக் கைவிட்டேன். தோட்டத்தின் பிம்பத்தை வெளி என்று நம்பிப் பறவைகள் மோதும்.

செடிகள்

கருஞ்செடிகளை மட்டும் நட்டால் மாலையில் தோட்டமே காணாமல் போய்விடும். கருஞ்சிவப்பு கோலியஸ், ஊதா இலைச் சேம்பு, ஊதா டிரேட்ஸ்கான்சியா எதுவானாலும் பக்கத்தில் ஒரு வெளிறிய துணை வேண்டும். நந்தியாவட்டை அதற்கு நல்லது, சாம்பல் இலைச் செடிகளும் நல்லவை. சுவரில் ஒட்டி ஏறும் ஃபைகஸ் கொடி சிமெண்ட் வேலைகளை வேகமாக மூடிவிடும். வருடத்தில் சில முறை வெட்டாவிட்டால் செதுக்கியதெல்லாம் இலைக்குள் போய்விடும்.

கருஊமத்தைதான் நம் மண்ணின் கோதிக் செடி என்று எனக்குத் தோன்றும். ஊதாத் தண்டு, மடிப்பு மடிப்பாக விரியும் பூ, முள்காய். மலையூர்களில் பரவலாக வளர்க்கும் தொங்கும் வெள்ளை எக்காளப் பூவும் அதன் உறவு. இரண்டும் கடுமையான நஞ்சு. செங்காந்தளின் கிழங்கும் அப்படியே. சிறு குழந்தைகளோ நாயோ இருக்கும் வீட்டில் இவை வேண்டாம். இந்தச் செடிகளை வளர்ப்பவர்கள் செடியை வெட்டிய பிறகு கையைக் கண்ணில் வைக்கும் முன் கழுவிவிடுங்கள்.

விளக்கு விஷயத்தில் குறைவே நல்லது. எண்ணெய் டின்னில் ஈர மணலை இறுக்கி நிரப்பி, ஆணியால் கூர்வளைவு வடிவத்தில் துளையிட்டால் தகடு நெளியாமல் வரும். உள்ளே ஒரு அகல் போதும். மின்விளக்கு என்றால் வளைவின் பின்புறம் தரையில் வைத்து, தூங்கப் போகும்போது அணைத்துவிடுங்கள். இரவுப் பூச்சிகளுக்கும் இருட்டு வேண்டும்.

குரங்குகளை மறந்து எதையும் திட்டமிட முடியாது. தொங்குவது, ஆடுவது, மின்னுவது எல்லாம் அவற்றின் கைக்குப் போய்விடும். ஓர் ஆள் சிரமப்பட்டுத் தூக்கும் பாரமோ, சுவரில் போல்ட் போட்ட பிடிமானமோ இல்லாத பொருளை வெளியே வைப்பதில் பயனில்லை.

சேலம் நகரத்தில் இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு இரண்டு மாற்றங்கள். கீழே வெயிலில் சிமெண்ட் வேகமாகக் காய்ந்து வெடிக்கும், ஆகவே வேலையை மாலையில் தொடங்கி, சாக்கை ஒரு நாளைக்குப் பல முறை நனையுங்கள். கம்பி வளைவு கோடையில் சூடேறித் தளிர்களைக் கருக்கும். கம்பியின் மேல் தேங்காய்க் கயிறு சுற்றிவிட்டுக் கொடி ஏற்றுங்கள், அல்லது மூங்கில் பிளாச்சிலேயே வளைவு செய்யுங்கள். மற்றபடி அளவும் ஆணியும் நூலும் அங்கேயும் இவைதான்.

பராமரிப்பு வேலைகளை நான் மே மாதத்தில், மழைக்கு முன் முடித்துவிடுவேன். யாளியின் வாயில் சேர்ந்த இலைகளைக் குச்சியால் தள்ளி ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது, தாங்கியின் போல்ட்டுகளை முடுக்குவது, வெல்டிங் இணைப்புகளில் துரு தெரிந்தால் சுரண்டிப் பூச்சு அடிப்பது, ஜன்னல் சட்டத்துக்கு ஒரு கை எண்ணெய். தொட்டிகளில் மயிரிழை வெடிப்பு இருந்தால் சிமெண்ட் பாலை விரலால் தேய்த்து அடைப்பேன். பாசி படிந்த பக்கத்தை மட்டும் தொடுவதில்லை.